துப்பாக்கி கைமாறும் இடத்தில் யார் நிற்கிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் வாசகர் பகுதியில் கிள்ளானிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். வீட்டில் திருடர்கள் புகுந்த வேதனையில் எழுதியிருக்கிறார். அவருடைய கோபம் நியாயமானது. பாராங் கத்தியோடு ஆட்கள் படுக்கையறை வரை வந்து நின்றால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு எப்படித் தூங்கும்? அதில் எனக்கு அவரோடு எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் கடிதத்தின் கடைசிப் பகுதியில் அவர் அமெரிக்காவை உதாரணம் காட்டியிருந்தார். அங்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் பணத்தைக் கொடுத்து இரண்டு மூன்று கைத்துப்பாக்கிகள் வாங்கிக்கொள்ளலாம், அரசாங்கம் ஒரு கேள்வியும் கேட்காது, அந்தச் சுதந்திரம் நேர்மையான மலேசியருக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஜாலான் ஈப்போ பக்கத்தில் ஒரு பாதுகாவல் நிறுவனத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வங்கிப் பணத்தை வண்டியில் ஏற்றி இறக்கும் ஜாகாக்கள் எங்கள் ஆட்கள். அவர்கள் ஏந்தும் பம்ப் கன், பாயிண்ட் 38 ரிவால்வர், தோட்டா எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தது நான்தான். சுட்டுப் பழகியவள் அல்ல. ஆனால் எந்தத் துப்பாக்கி, என்ன எண், யார் பெயரில் லைசன்ஸ், எப்போது புதுப்பிக்க வேண்டும், இன்று காலை யார் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார், மாலையில் எத்தனை தோட்டாவோடு திரும்பினார் என்பதெல்லாம் என் மேசையில் இருந்த பெரிய நோட்டில்தான் இருக்கும். தோட்டா ஒன்று குறைந்தாலும் அன்று யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அப்படி ஒரு வேலையில் இருந்தவள் என்பதால்தான் இதைப் பற்றி எழுதும் துணிவு வந்தது.

அமெரிக்காவைப் பற்றி அந்த அன்பர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் ஆசைப்பட்டால் ஆபத்து.

அங்கே லைசன்ஸ் உள்ள கடைக்காரரிடம் துப்பாக்கி வாங்கினால் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். பெயர், முகவரி, அடையாள அட்டை, குற்றப் பின்னணி, போதைப் பழக்கம், குடியேற்றத் தகுதி என்று வரிசையாகக் கேள்விகள். அதில் பொய் சொன்னாலே குற்றம். பிறகு கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் சோதனை அமைப்பில் வாங்குபவரின் பெயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். 1993-இல் பிரேடி சட்டம் வந்து, 1998-இல் இந்த உடனடிச் சோதனை தொடங்கியது. அப்புறம், ஒரே ஆள் ஐந்து வேலை நாள்களுக்குள் ஒரே கடைக்காரரிடம் இரண்டோ அதற்கு மேலோ கைத்துப்பாக்கி வாங்கினால், கடைக்காரர் இன்னொரு படிவமும் எழுத வேண்டும். அதன் எண் 3310.4. அன்றைக்குக் கடை மூடுவதற்குள் அது துப்பாக்கி விவகாரங்களைக் கவனிக்கும் ஏடிஎஃப் என்ற கூட்டரசு நிறுவனத்துக்குப் போக வேண்டும். ஒரு பிரதி உள்ளூர் போலீசுக்கும் போகும். பிஸ்டல் ஒன்று, ரிவால்வர் ஒன்று என்று கலந்து வாங்கினாலும் இரண்டு இரண்டுதான்.

ஏன் இரண்டைக் கண்டு பயப்படுகிறார்கள்? சட்டப்படி இரண்டு வாங்குவது அங்கே குற்றமே இல்லை. சேகரிப்பவர் வாங்குவார், போட்டிக்குச் சுடுபவர் வாங்குவார், கணவன் மனைவிக்கு ஒவ்வொன்று என்று வாங்குவார்கள். ஆனால் தகுதி இல்லாதவனுக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுக்கும் ஆளும், வாங்கிய கையோடு தெருவில் விற்கிற ஆளும் பெரும்பாலும் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அதனால்தான் அந்தப் படிவம். வாங்குபவரைத் தடுப்பது அதன் வேலையல்ல. இன்னார் இன்று இரண்டு வாங்கினார் என்று ஒருவர் காதில் போட்டு வைப்பதுதான் அதன் வேலை.

இப்போது அந்த அன்பர் சொன்ன பக்கத்து வீட்டுக்காரருக்கு வருகிறேன். அது எனக்கு ஏட்டுச் செய்தியாக இல்லாமல் குடும்பச் செய்தியாகவே வந்து சேர்ந்தது.

என் தங்கை மகன் டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரில் பொறியாளராக இருக்கிறான். வேலை விசாவில் போய், பிறகு கிரீன் கார்டு வாங்கியவன். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி வேறு மாநிலத்துக்குக் கிளம்பும் நேரத்தில், தன்னிடமிருந்த ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலையும் ஒரு பழைய ரிவால்வரையும் விற்றுவிட நினைத்தார். இவனிடம் கேட்டிருக்கிறார். "பெரியம்மா, காசைக் கொடுத்துட்டு எடுத்துட்டு வந்துடலாம், கையெழுத்துகூட வேணாமாம்" என்று வீடியோ அழைப்பில் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாங்காதே என்றுதான் முதலில் சொன்னேன். அவன் என் பேச்சுக்காக மட்டும் நிற்கிற பையன் அல்ல. உட்கார்ந்து சட்டத்தைப் படித்தான். படித்ததையெல்லாம் எனக்கும் சொன்னான்.

டெக்சஸில் குடியிருக்கும் ஒருவர் அதே மாநிலத்தில் குடியிருக்கும் இன்னொருவருக்குத் தன் சொந்தத் துப்பாக்கியை விற்றால் 4473 படிவம் கிடையாது, எஃப்பிஐ சோதனை கிடையாது. ஒன்று விற்றாலும் சரி, நான்கு விற்றாலும் சரி, 3310.4 படிவமும் கிடையாது, ஏனென்றால் அந்தக் கடமைகளெல்லாம் லைசன்ஸ் உள்ள கடைக்காரருக்கு மட்டுமே. தனி மனிதருக்குச் சட்டம் சொல்வது வேறு. வாங்குபவர் தகுதி இல்லாதவர் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ விற்கக் கூடாது. வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்கு நேரடியாகக் கொடுக்கக் கூடாது. பதினெட்டு வயது ஆகாதவருக்குக் கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. ஆனால் தெரிந்து விற்றால்தானே குற்றம்? கேட்காமலே விற்பவருக்கு எப்படித் தெரியும்? கலிபோர்னியா, நியூயார்க், கொலராடோ போன்ற மாநிலங்களில் தனி மனிதர் விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்று மாநிலச் சட்டமே இருக்கிறது. டெக்சஸில் இல்லை.

அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். விற்பவரும் வாங்குபவரும் விரும்பினால் லைசன்ஸ் உள்ள கடைக்குப் போய், கடைக்காரர் மூலமாகக் கைமாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் ஒரு கட்டணம் வாங்கிக்கொள்வார். அப்படிச் செய்தால் கடை விற்பனைக்குரிய எல்லா விதியும் பொருந்தும். 4473 எழுத வேண்டும், சோதனை நடக்கும், இரண்டு கைத்துப்பாக்கி என்பதால் 3310.4 படிவமும் அன்றே போகும். அதே இரண்டு துப்பாக்கி, அதே இரண்டு மனிதர்கள், அதே பணம். வரவேற்பறை சோபாவில் கைமாறினால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. இரண்டு தெரு தள்ளியிருக்கிற கடையில் கைமாறினால் கூட்டரசுக்கும் உள்ளூர் போலீசுக்கும் தெரியும். இந்த வித்தியாசத்தைக் கிள்ளான் அன்பர் சுதந்திரம் என்கிறார். துப்பாக்கிக் கணக்கு எழுதிய எனக்கு அது நடுவில் கிழிந்து போன நோட்டாகத் தெரிகிறது.

கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று இவன் சொன்னதும் பக்கத்து வீட்டுக்காரருக்கு அலுப்பு. வீடு மாற்றும் அவசரத்தில் இருந்தார். அந்த வாரமே ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் வேறொருவரிடம் இரண்டையும் ரொக்கத்துக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினாராம். பெயரை எழுதி வைத்தீர்களா என்று இவன் கேட்டதற்கு, சட்டம் அதைக் கேட்கவில்லையே என்றாராம். அவர் தவறு செய்யவில்லை. சட்டப்படிதான் நடந்தார். அந்த இரண்டு துப்பாக்கிகளும் இன்று யார் அலமாரியில், யார் கார் இருக்கைக்கு அடியில் இருக்கின்றன என்பது விற்ற அவருக்கே தெரியாது.

நாளைக்கு அதில் ஒன்று குற்றம் நடந்த இடத்தில் கிடந்தால் என்ன நடக்கும்? மேற்கு வர்ஜினியா மாநிலத்தில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் ஏடிஎஃப்பின் தடமறியும் நிலையம் இருக்கிறது. போலீஸ் அங்கே எண்ணைக் கொடுக்கும். அவர்கள் தயாரித்த நிறுவனத்தைக் கேட்பார்கள், பிறகு மொத்த வியாபாரி, பிறகு கடைக்காரர். கடைக்காரர் தன்னிடமுள்ள 4473-ஐப் புரட்டி முதலில் வாங்கியவரின் பெயரைச் சொல்வார். அதோடு பாதை முடிந்துவிடும். நாடு முழுவதுக்குமான துப்பாக்கிப் பதிவேட்டைக் கூட்டரசு உருவாக்கக் கூடாது என்று 1986-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சோதனையில் தேறியவர்களின் பதிவை எஃப்பிஐ 24 மணி நேரத்துக்குள் அழித்துவிட வேண்டும். ஆகவே முதல் ஆளுக்குப் பிறகு இரண்டாவது கை, மூன்றாவது கை எதுவும் எங்கும் எழுதப்பட்டிருக்காது. போலீஸ் வந்து கதவைத் தட்டப்போவது வேறு மாநிலத்தில் புது வீட்டில் இருக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத்தான்.

நம் ஊரில் பழைய மைவி காரை விற்றாலே புஸ்பாகோம் பரிசோதனை, ஜேபிஜேயில் பெயர் மாற்றம் என்று அலைகிறோம். பெயர் மாற்றாமல் கொடுத்துவிட்டால் சம்மன் நம் வீட்டுக்கு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். காருக்கு இருக்கும் இந்தப் புத்தி துப்பாக்கிக்கு வேண்டாமா?

எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கும் ஓர் அனுபவம் அங்கேயே இருக்கிறது, நம் இனத்தவர் ஒருவர் உயிர் கொடுத்த அனுபவம். வர்ஜினியா மாநிலத்தில் 1993-இல் மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் என்று சட்டம் போட்டார்கள். அங்கே மொத்தமாக வாங்கிய துப்பாக்கிகள் நெடுஞ்சாலை வழியாக நியூயார்க் வரை போய்க்கொண்டிருந்ததுதான் காரணம். 2007 ஏப்ரல் 16-ஆம் தேதி வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அவனிடம் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தன. முதலாவதை வாங்கிவிட்டு, சட்டம் சொன்னபடி முப்பது நாளுக்கு மேல் பொறுத்திருந்து இரண்டாவதை வாங்கியிருக்கிறான். இரண்டு முறையும் படிவம் எழுதினான், இரண்டு முறையும் சோதனையில் தேறினான். அவனால் அவனுக்கே ஆபத்து உண்டு என்று நீதிமன்றம் ஏற்கெனவே முடிவு செய்து மனநல சிகிச்சைக்கு உத்தரவிட்டிருந்தது. அந்தத் தகவல் சோதனை அமைப்புக்குப் போய்ச் சேரவே இல்லை. அன்று வகுப்பறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டவர் பேராசிரியர் ஜி.வி. லோகநாதன். தமிழ்நாட்டில் ஈரோடு மாவட்டத்திலிருந்து படிப்பால் உயர்ந்து போனவர். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் செந்தூல் கோயிலில்கூட அதைப் பற்றித்தான் பேச்சு.

எண்ணிக்கை விதி அங்கே தன் வேலையைச் சரியாகவே செய்தது, அவனை முப்பது நாள் காக்க வைத்தது. வாங்க வந்த கை எப்படிப்பட்ட கை என்று பார்க்க வேண்டிய கண்ணில்தான் தகவல் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், எத்தனை என்று எண்ணுவதைவிட, ஒவ்வொரு முறை கைமாறும்போதும் நடுவில் ஒருவர் நின்று யாருக்குப் போகிறது என்று பார்ப்பது முக்கியம். முதல் முறை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த முறை திரும்பிக்கொண்டால் பயனில்லை. தகவல் இல்லாமல் பார்த்தாலும் பயனில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் நம் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களுக்காக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இதை யாரும் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை.

மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர் அங்கே துப்பாக்கி வாங்குவது மட்டுமல்ல, வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டரசுக் குற்றம். வேட்டை உரிமம் வைத்திருப்பவர் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு வந்தபிறகு நிலைமை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் விற்கும்போது எதுவும் கேட்கமாட்டார் என்பதால் வாங்குபவர் தகுதியானவர் ஆகிவிடுவதில்லை. கேள்வி கேட்காத இடத்தில் வாங்கிய பிள்ளை, போலீஸ் ஒருநாள் காரைச் சோதித்தால் சிறைக்கும் போய் நாடும் கடத்தப்படலாம். படிக்க அனுப்பிய பெற்றோர் இதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

இன்னொன்று, மற்றவருக்காக வாங்கிக் கொடுப்பது. நம் பழக்கத்தில் உறவுக்காரர் கேட்டால் மறுக்க வாய் வராது. ஏப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரரின் வழக்கை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் தன் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்காக 2009-இல் க்ளாக் பிஸ்டல் ஒன்று வாங்கினார். போலீஸ்காரருக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்காகத் தன் பெயரில் வாங்கினார். பெரியவர் முன்கூட்டியே 400 டாலர் காசோலை அனுப்பியிருந்தார். பெரியவருக்கும் சட்டப்படி வாங்கும் தகுதி இருந்தது. பிறகு முறைப்படி வேறு கடை மூலமாகத்தான் அவருக்கு மாற்றியும் கொடுத்தார். இவ்வளவு இருந்தும், உண்மையில் வாங்குபவர் நான்தான் என்று படிவத்தில் எழுதியது பொய் என்று தண்டனை. உச்ச நீதிமன்றம் 2014-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு, தகுதி இல்லாதவருக்காக வாங்கிக் கொடுத்தால் 15 ஆண்டு வரை சிறை. லாபத்துக்காக அடிக்கடி வாங்கி விற்பவரும், நான் தனி மனிதன்தானே என்று தப்பிக்க முடியாது, அவருக்கும் லைசன்ஸ் வேண்டும். கேள்வியே இல்லாத நாடு என்று அந்த அன்பர் நினைத்துக்கொண்டிருப்பது இந்த நாட்டைத்தான்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

இங்கே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இருக்கிறது. லைசன்ஸோ பெர்மிட்டோ இல்லாமல் ஒரு துப்பாக்கி அல்ல, ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. மாநிலப் போலீஸ் தலைவர் பார்த்துத்தான் கொடுப்பார், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் மனம் ஒத்துப்போனாலும் போலீசின் அனுமதி இல்லாமல் துப்பாக்கி கைமாறாது. இதனால் எனக்கு எவ்வளவு தலைவலி வந்திருக்கிறது என்பது என்னோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எங்கள் முதலாளி ஒருமுறை கூடுதலாக இருந்த இரண்டு ரிவால்வர்களைத் தனக்குத் தெரிந்த இன்னொரு நிறுவனத்துக்கு விற்க முடிவு செய்தார். விலை பேசியாகிவிட்டது, பணமும் தயார். கோப்பு போலீசிடம் போய் வாரக் கணக்கில் அசையவில்லை. அந்த நிறுவனத்தின் லைசன்ஸ், அவர்களுடைய காவலாளிகளின் பெர்மிட், துப்பாக்கியை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். முதலாளி என்னிடம் கத்தினார், நான் தொலைபேசியில் கெஞ்சினேன். கடைசியில் அதிகாரி ஒருவர் நேரில் போய்ப் பார்த்தபோது, வாங்கவிருந்தவர்கள் துப்பாக்கி வைக்க ஒதுக்கியிருந்தது கோப்புகள் அடுக்கும் சாதாரண அலமாரி. பூட்டு என்று ஒன்று இருந்தது, அவ்வளவுதான். இரும்புப் பெட்டகம் வாங்கிச் சுவரோடு பொருத்திய பிறகே அனுமதி வந்தது. ஹூஸ்டன் கார் நிறுத்துமிடத்தில் அந்த இரண்டு துப்பாக்கிகளை வாங்கியவரின் வீட்டு அலமாரியை யார் போய்ப் பார்த்திருப்பார்கள்?

தண்டனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1971-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டப்படி, சட்டவிரோதமாக வைத்திருந்தாலே 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். இரண்டுக்கு மேல் வைத்திருந்தால், அப்படி இல்லை என்று நிரூபிக்கும் வரை அவர் துப்பாக்கி வியாபாரம் செய்பவர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு சிறை. அங்கே இரண்டு என்றால் ஒரு படிவம், இங்கே மூன்று என்றால் கழுத்துக்கே கயிறு வரலாம்.

நான் இந்தக் கடுமைக்குக் கொடி பிடிக்க வரவில்லை. மலேசியத் தமிழர்களுக்கு ஒரு துப்பாக்கியின் பெயரால் நடந்த பெரிய துயரம் ஒன்று உண்டு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக அவசரகாலச் சட்டத்தின் கீழ் 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டுச் சில வாரங்களிலேயே எல்லாம் முடிந்தது. என் அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறிவிடும். ஆகவே தண்டனையை ஏற்றிக்கொண்டே போனால் ஊர் பத்திரமாகிவிடும் என்று நான் நம்பவில்லை. 2023-இல் கட்டாய மரண தண்டனையை நீக்கியதை நான் வரவேற்றவள். நான் கேட்பது கவனத்தை. கைமாறும் முன் நிதானமாக ஒருவர் பார்ப்பதும், அதை எழுதி வைப்பதும் தூக்குக்கயிறைவிட எத்தனையோ உயிர்களைக் காக்கும்.

நம் பக்கம் ஓட்டையே இல்லையா என்று அந்த அன்பர் கேட்டால், இருக்கிறது. 2024 மார்ச் மாதக் கடைசியில் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங்கில் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டவர் ஒருவர் ஆறு கைத்துப்பாக்கிகளோடு பிடிபட்டார். அதே ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி அதிகாலையில் கேஎல்ஐஏ விமான நிலையத்தின் முதலாம் முனையத்தில் ஓர் ஆள் தன் மனைவியைக் குறிவைத்துச் சுட்டதில் மனைவியின் மெய்க்காவலர் படுகாயம் அடைந்தார். ஓட்டல் அறையில் ஆறு துப்பாக்கி வைத்திருந்தவர் எந்தக் கவுண்டரில் போய் படிவம் எழுதினார்? தாய்லாந்து எல்லை வழியாகக் கடத்தி வருவதையும், இங்கே இடைத்தரகராக இருந்து விற்பவர்களையும் லைசன்ஸ் விதி தொடுவதே இல்லை. எல்லைக் கட்டுப்பாட்டுக்கென்று தனி நிறுவனமே 2025-இல் தொடங்கியிருக்கிறார்கள். அது துப்பாக்கி விஷயத்தில் என்ன செய்கிறது என்று பத்திரிகைகள் தொடர்ந்து கேட்க வேண்டும். கவுண்டருக்கு வராதவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகக் கவுண்டரை மூடிவிடச் சொல்வது மட்டும் சரியான பதில் அல்ல. இன்று ஒருவரிடம் லைசன்ஸ் இல்லாத பிஸ்டல் இருந்தால் போலீஸ் அங்கேயே அவரைப் பிடிக்கலாம். தனியார் விற்பனையைத் திறந்துவிட்டால், நண்பரிடம் வாங்கினேன் என்ற ஒரே பதிலில் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள்.

கிள்ளான் அன்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் புகுந்தவர்கள் நள்ளிரவில், கூட்டமாக, நீங்கள் தூங்கும்போது வந்தார்கள். உங்கள் தலையணைக்கு அடியில் பிஸ்டல் இருந்திருந்தால் அது யார் கைக்குப் போயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். வெளியில் கிளம்பும் நாள்களில் அது வீட்டில் தனியாகக் கிடக்கும், அடுத்து வரும் திருடனுக்கு நகையைவிட அதுதான் பெரிய சொத்து. எங்கள் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற, உடல் வலுவான முன்னாள் ராணுவத்தினரிடமிருந்தே துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு போக முயன்ற சம்பவம் நடந்திருக்கிறது. உங்கள் தாமானில் ரோந்து வேண்டும், அழைத்தால் போலீஸ் பாலாயிலிருந்து வண்டி சீக்கிரம் வர வேண்டும், இருட்டான சந்துகளில் விளக்கு வேண்டும். அதற்காக நீங்கள் மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போட வருகிறேன்.

கடைசியாக, ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். தோட்டங்களில் காட்டுப்பன்றி விரட்ட லைசன்ஸோடு வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த நம் பெரியவர்கள் பலர் காலமாகிவிட்டார்கள். அப்பாவின் நினைவாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் அதைப் பரணிலோ பீரோவுக்குப் பின்னாலோ வைத்திருப்பதை நானே இரண்டு குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். லைசன்ஸ் அப்பா பெயரில் இருந்தது, அவரோடு அது முடிந்துவிட்டது. பிள்ளை கையில் அது சட்டவிரோத ஆயுதம். உறவுக்காரருக்கோ நண்பருக்கோ சும்மா கொடுத்தாலும், விலைக்குக் கொடுத்தாலும் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வார்கள். உடனே பாலாயில் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். பயத்தால்தான் பலர் போகாமல் இருக்கிறார்கள். யாரை அணுகுவது, எந்த ஆவணங்களை எடுத்துப் போவது, குடும்பத்தில் ஒருவர் தன் பெயருக்கு லைசன்ஸ் கேட்க விரும்பினால் என்ன செய்வது என்று போலீஸ் அதிகாரி ஒருவரைப் பேட்டி கண்டு உங்கள் பத்திரிகையில் தெளிவாகத் தமிழில் போடுங்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஊருக்கு வரும் முன்பே வந்தால், குடும்பமாக உட்கார்ந்து முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பாதுகாவல் நிறுவன ஓய்வுபெற்ற அலுவலர்,
செந்தூல், கோலாலம்பூர்